இரவுப் பணியில் "இன்று அமைதியாக இருக்கிறது" என்று சொல்லக் கூடாதா?

கோலாலம்பூரில் அவசர அழைப்புகளை ஏற்கும் பணியிலுள்ள உங்கள் தங்கை, "இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே" என்றதும், அப்படிச் சொன்னால் அழைப்புகள் குவிந்துவிடும் என்று உடன் பணிபுரிவோர் பதறிவிட்டதாக எழுதி, இதில் உண்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த அச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் காவலர்களும் செவிலியரும் அச்சொல்லைத் தவிர்க்கிறார்கள். மலேசிய மருத்துவமனைகளில், யார் பணிக்கு வந்தால் நோயாளிகள் குவிகிறார்களோ அவரை 'ஜோனா' என்பார்கள்.

2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்து மருத்துவமனையொன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் 61 நாள்கள் இதைச் சோதித்தார்கள். சில நாள்களில் வேண்டுமென்றே அச்சொல்லைச் சொல்லியும் வேலைச்சுமை கூடவில்லை. பௌர்ணமியன்று அவசர நிகழ்வுகள் கூடும் என்ற நம்பிக்கையும் அப்படியே: 37 ஆய்வுகளை 1985இல் ஒருசேரப் பரிசீலித்த ஆய்வாளர்கள் ராட்டனும் கெல்லியும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதையும் காணவில்லை.

பின் ஏன் பலிப்பதுபோல் தோன்றுகிறது? அழைப்புகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சற்று ஓய்ந்து, பிறகு கொத்தாக வரும். ஓய்ந்திருக்கும் வேளையில்தான் ஒருவர் அதைச் சொல்வார் என்பதால், அடுத்து வரும் நெரிசலுக்கு அவர் வாய்மேல் பழி விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சொல்லியும் ஒன்றும் நடக்காத இரவுகளை எவரும் நினைவில் வைப்பதில்லை.

ஆயினும் அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த அழைப்பு தீவிபத்தா, மாரடைப்பா என்று தெரியாமல், காதில் கேட்பொறியோடு விடியும்வரை அமர்ந்திருப்பவர்கள் அவர்கள். உங்கள் தங்கை அங்கே அச்சொல்லைத் தவிர்ப்பதே மரியாதை. அழைப்புகள் பெருகுமா என்று முன்கூட்டியே கணிக்க வேண்டுமானால், நிலவைவிட மாலை மழையையும் பண்டிகைக்காலச் சாலை நெரிசலையும் கவனிப்பது பயன் தரும்.