பன்னிரண்டு டிஸ்க்குக்கு ஒரு புத்தகம்: கேள்வி பதில்

புத்தகம் கட்டுவதும் அட்டைப்பெட்டி வடிவமைப்பும் என் தொழில். பல சிடி, டிவிடிக்களை ஒரே புத்தகமாகக் கட்டி வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அளவுகள் எல்லாம் வழக்கமான 120 மி.மீ. டிஸ்க்குக்கு.

கேள்வி: வணக்கம் அண்ணா. தாத்தாவின் கச்சேரி கேசட்டுகளை எல்லாம் சிடியில் ஏற்றிவிட்டோம். மொத்தம் 12 சிடி. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு புத்தகம் மாதிரி பைண்டரிடம் கட்டினோம். வெறுமையாக இருந்தபோது அழகாக இருந்தது. சிடிகளைப் போட்டதும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, மூட முடியவில்லை. எங்கே தப்பு?

முதுகில்தான் தப்பு. இன்று வந்த கேள்விகளில் பலவற்றுக்கு வேர் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு டிஸ்க்கின் தடிமன் 1.2 மி.மீ. உங்கள் ஒரு பக்கம் என்பது பின் அட்டை, முன் பாக்கெட் என்று இரண்டு அட்டை. இரண்டும் சேர்ந்து 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12 பக்கத்துக்கு 9.6 மி.மீ. உங்கள் பைண்டர் அந்த அளவுக்குத்தான் முதுகு வைத்திருப்பார், அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே 12 டிஸ்க் போனால் இன்னொரு 14.4 மி.மீ. கூடுகிறது. அது முழுக்க பக்கத்தின் நடுவிலும் வெளி ஓரத்திலும் போய்ச் சேரும், முதுகுப் பக்கம் ஒன்றும் கூடாது. அப்புறம் வாய் பிளக்காமல் என்ன செய்யும்?

பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போகாது. மூடி ரப்பர் பேண்ட் போட்டால் எல்லா டிஸ்க்கும் முதுகுப் பக்கம் வளைந்த நிலையிலேயே வருடக்கணக்கில் இருக்கும். டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியது. தொடர்ந்து வளைந்திருப்பது அந்த ஒட்டுக்கு நல்லதில்லை.

தீர்வு பழைய போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் முதுகோரமாக ஒரு குறுகலான அட்டைப் பட்டை இருக்கும். படம் ஒட்டியதும் கூடப்போகும் தடிமனை முன்கூட்டியே முதுகில் வைத்துவிடுகிறார்கள். நீங்களும் 1.2 மி.மீ. அட்டையில் 15 மி.மீ. அகலத்துக்குப் பட்டை வெட்டி, ஒவ்வொரு பக்கத்தோடும் ஒன்று வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இப்போது முதுகு 9.6 + 14.4 = 24 மி.மீ. மேலட்டை 2.5 மி.மீ. தடிமன் என்றால் முதுகட்டையின் அகலம் 24 + 5, கொஞ்சம் விட்டு 30 மி.மீ. பக்க அகலம்: பட்டைக்கு 15, மடிப்புக்கு 5, பாக்கெட்டுக்கு 130, வெளி ஓரம் 5, ஆக 155 மி.மீ. உயரம் 140 போதும்.

பட்டை முடிந்த இடத்தில் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு கிரீசிங் கோடு (அட்டை மடிவதற்காக அழுத்திப் போடும் பள்ளக் கோடு) போட மறக்காதீர்கள். அது இல்லையென்றால் பக்கம் திரும்பாமல் டிஸ்க்தான் வளையும்.

கேள்வி: சார், நாங்கள் ‘பர்ஃபெக்ட் பைண்டிங்’தான் செய்தோம். அட்டைப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வருகின்றன.

வரத்தான் செய்யும். அந்த முறையில் முதுகில் தடவுவது சூட்டுப் பசை. வளைந்து கொடுக்கும் மெல்லிய தாளுக்கு அது சரி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை வளையாமல், ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் நெம்புகோல்போல் பசையைப் பிடுங்கும். பட்டைகளோடு சேர்த்து ஓரத்தில் துளை போட்டு நூல் தையல் போடுங்கள். இல்லாவிட்டால் போட்டோ ஆல்பத்தில் வரும் பித்தளைத் திருகு. பின்னால் ஒரு டிஸ்க் சேர்க்கவேண்டி வந்தால் திருகைக் கழற்றிப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் எனக்குத் திருகுதான் பிடிக்கும். வைரோ என்கிற கம்பிச் சுருளில் வாய் பிளக்கும் தொல்லை இல்லை, ஆனால் துளை ஓரம் கிழியும். பத்து வருடம் நிற்கவேண்டிய சாமானுக்கு வேண்டாம்.

கேள்வி: அண்ணா, கடையில் வாங்கிய சிடி ஆல்பத்தில் 2000களில் போட்டுவைத்த டிஸ்க்குகளை இப்போது எடுத்தேன். பிளாஸ்டிக் பையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ‘சர்’ரென்று சத்தம். டிஸ்க் மேல் எண்ணெய் மாதிரி ஒரு மங்கல். புதிதாகக் கட்டும் புத்தகத்தில் இது நடக்காமல் இருக்க எந்த பிளாஸ்டிக் போடலாம்?

அந்தப் பை பெரும்பாலும் பிவிசி. பிவிசி தன்னளவில் விறைப்பானது. அதைப் பைபோல் மெத்தென்று ஆக்க ஒரு எண்ணெய்ப் பொருள் கலக்கிறார்கள், அது காலப்போக்கில் மெல்ல வெளியே கசிகிறது. நம்மூர் வெயிலில் பீரோவுக்குள் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பாலிப்ராப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் மூன்றும் பரவாயில்லை. கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டியதில்லை. பையிலிருந்து நகமளவு துண்டு வெட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் விரலால் அமுக்கி, காற்றுக் குமிழி ஒட்டாமல் விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிப்ராப்பிலீனோ பாலிஎத்திலீனோதான். பிவிசி மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும் என்பதால் மூழ்கியதெல்லாம் பிவிசி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் மிதந்ததைத் தைரியமாக வாங்கலாம். புது ரெயின்கோட் வாடை அடித்தால் அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

நான் செய்வது: வெளியே அட்டைப் பாக்கெட், உள்ளே டிஸ்க் படும் இரு பக்கமும் மெல்லிய நான்-வோவன் பாலிப்ராப்பிலீன் துணி. வெறும் அட்டைப் பாக்கெட்டில் டிஸ்க்கை உருவி உருவிப் போட்டால் அட்டைத்தூசியே உப்புத்தாள் வேலை செய்யும். டைவெக் (தாள்போல் இருக்கும் பாலிஎத்திலீன் நார் விரிப்பு) கிடைத்தால் அதுவும் நல்லது. பாக்கெட்டின் உள் அகலம் 126 மி.மீ.க்குக் குறையவேண்டாம். புத்தகத்தைச் சாய்த்து ஒரு தட்டுத் தட்டினால் டிஸ்க் தானாக ஒரு விரல் அளவு வெளியே எட்டிப் பார்க்கவேண்டும். இழுத்து எடுக்கவேண்டியிருந்தால் பாக்கெட் இறுக்கம்.

கேள்வி: பாக்கெட்டின் வாய் எந்தப் பக்கம் இருக்கவேண்டும்? பைண்டர் முதுகுப் பக்கம் வைக்கலாம் என்கிறார். டிஸ்க் விழாதாம்.

விழாதுதான், எடுக்கவும் முடியாது. மடிப்புக்குள் விரலை விட்டு டிஸ்க்கை வளைத்துத்தான் எடுக்கவேண்டிவரும். வெளி ஓரம் வைத்தால் கையில் பிடித்திருக்கும்போதே நழுவும். நான் மேல்பக்கம் வைப்பேன், கட்டை விரலுக்கு ஒரு அரைவட்ட வெட்டோடு. தூசிக்கு என்ன செய்வது என்றால், முதுகு மட்டும் தெரிகிற மாதிரி வெளியே ஒரு உறைப்பெட்டி போடுங்கள். பாக்கெட்டின் வாயையும் அதுவே மூடிவிடும்.

கேள்வி: ஐயா, எங்கள் சங்கத்தின் விழாப் பதிவுகளைப் புத்தகமாகக் கட்டி வந்ததும் அன்றைக்கே டிஸ்க் போட்டுவிட்டோம். சில டிஸ்க்குகளின் ஓரத்தில் பசை. துடைத்தால் போகவில்லை. தின்னர் போடலாமா?

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் வேண்டவே வேண்டாம். டிஸ்க் பாலிகார்பனேட். அந்தத் திரவங்கள் பட்டால் வெளுத்துப்போகும், மயிரிழை விரிசல் விடும். பசை ஃபெவிகால் வகையாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை அந்த இடத்தில் மட்டும் சிறிது நேரம் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டக் கீறல் தரவு ஓடும் திசையிலேயே போவதால் படிக்கும் கருவி திணறும். குறுக்குக் கீறலை ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

இது வடிவமைப்புக் கோளாறுதான். பாக்கெட்டின் ஒட்டும் மடிப்பை உள்பக்கம் மடித்து ஒட்டியிருப்பார்கள், அமுக்கும்போது பசை உள்ளே பிதுங்கியிருக்கும். மடிப்புகள் பின் அட்டையைச் சுற்றி வெளிப்பக்கம் போய் ஒட்டுகிற மாதிரி டை (பாக்கெட்டை வெட்டும் அச்சு) அடியுங்கள். அப்போது பிதுங்கினாலும் டிஸ்க் பக்கம் வராது. டபுள் டேப்பும் வேண்டாம், வெயிலில் இளகி ஊரும். கட்டி முடித்த புத்தகத்தைப் பளுவில் வைத்து, ஈரமும் வாடையும் முழுக்கப் போன பிறகு டிஸ்க் போடுங்கள். ரப்பர் சொல்யூஷன் வகைப் பசை பாக்கெட் அருகில் வரவே கூடாது.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். மூன்று டிவிடி, கெட்டி அட்டைப் புத்தகம், நடுவில் பிளாஸ்டிக் பல் வைத்த ட்ரே. கூரியரில் போனால் பல் உடைந்து டிஸ்க் உள்ளே உருளுகிறது.

உடையும் ட்ரே பாலிஸ்டைரீனாக இருக்கும். பளிங்குபோல் தெளிவு, ஆனால் நொறுங்கும் குணம். பாலிப்ராப்பிலீன் ட்ரே கேளுங்கள், பல் வளைந்து கொடுக்கும். மூன்று டிஸ்க்குக்கு ட்ரே சரியான தேர்வு. பன்னிரண்டுக்கு வேண்டாம், புத்தகம் செங்கல் ஆகிவிடும். சிலர் பஞ்சு மாதிரி ஒரு ஃபோம் பொட்டை நடுவில் ஒட்டி அதில் டிஸ்க்கைச் செருகுகிறார்கள். பாலியூரித்தேன் ஃபோம் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடி டிஸ்க்கிலேயே ஒட்டும். கூரியருக்கு மூன்று ப்ளை பெட்டி போட்டு, புத்தகம் உள்ளே ஆடாமல் நான்கு மூலையையும் அடையுங்கள்.

கேள்வி: மேலட்டை ஒரு வாரத்தில் வில்லாக வளைந்துவிட்டது. காலிகோ துணி ஒட்டி, உள்ளே வெறும் ஆர்ட் பேப்பர்.

இரண்டு காரணம் இருக்கலாம். துணி காயும்போது அட்டையை வெளிப்பக்கம் இழுக்கும். அதற்கு எதிராக உள்பக்கம் இழுக்கும் அளவுக்கு எண்ட் பேப்பரில், அதாவது மேலட்டையின் உள்பக்கம் ஒட்டும் தாளில், வலு வேண்டும், மெல்லிய ஆர்ட் பேப்பருக்கு அது கிடையாது. இரண்டாவது, நார் ஓடும் திசை. அட்டை, பக்கம், எண்ட் பேப்பர் எல்லாவற்றிலும் நார் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழாக ஓடவேண்டும். அட்டையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்த வாக்கில் சுலபமாக வளைகிறதோ அந்த மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது. தாளை மிச்சம் பிடிக்கக் குறுக்கே வெட்டுகிற அச்சகங்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஐயா, வீட்டில் பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகள், அந்தக் காலத்துப் புத்தக ஆல்பத்திலேயே இருக்கின்றன. ஆல்பத்தைப் பழுது பார்த்து அதிலேயே வைக்கலாமா?

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஜெர்மனியின் ஓடியான் கம்பெனி 1909-இல் சாய்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ இசையை நான்கு தட்டுகளாக ஒரே உறையில் வெளியிட்டது. பல தட்டைச் சேர்த்துக் கட்டும் இந்த வேலை அவ்வளவு பழையது. இப்போது நாம் போடும் முதுகுப் பட்டைக்கும் அதே ஆல்பங்களில் முன்மாதிரி உண்டு.

ஆனால் தட்டுகளை அதில் திரும்ப வைக்கவேண்டாம். பழுப்பேறிய தாள் அமிலம் ஏறியது, உதிரவும் செய்யும். தட்டு கனம், அடிப்பக்கம் கிழிந்தால் நேராகத் தரையில்தான். தட்டுகளைப் புது உறையில் போட்டு, செங்குத்தாக, ஒன்றோடொன்று சாயாமல் நிறுத்துங்கள். ஆல்பத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அந்தத் தட்டு அரக்கு. தச்சர் மெருகு போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்?

கேள்வி: மைதாப் பசை போட்டால் பூச்சி வருமா? நாங்கள் இருப்பது நாகப்பட்டினம், உப்புக்காற்று வேறு.

வரும். ராமபாணத்துக்கு மைதா விருந்து. பழைய பைண்டர்கள் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. டிஸ்க் புத்தகத்துக்கு ஃபெவிகால் வகையே போதும். அமெரிக்காவின் தர ஆய்வு நிறுவனமான என்ஐஎஸ்டி 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்கிறது. நாகப்பட்டினத்தில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். முடிந்ததைச் செய்யுங்கள்: வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், உறைப்பெட்டியை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்வதும் அதே வழிகாட்டிதான். அதற்காவது காசில்லை.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? ஒரு பென் டிரைவில் போட்டால் முடிந்ததே.

பென் டிரைவிலும் போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கிலும் போடுங்கள். வீட்டில் எழுதிய சிடி-ஆர் டிஸ்க்கில் தரவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெளிச்சமும் சூடும் அதை மங்க வைக்கும். புத்தகம் வெளிச்சத்தையும் கீறலையும் வளைவையும் தடுக்கும், சாயத்துக்கு ஆயுள் கூட்டித் தராது. ஆனால் பென் டிரைவ் மேசை டிராயரில் காணாமல் போகும். அலமாரியில் முதுகில் பெயரோடு நிற்கும் புத்தகத்தைப் பேரன் ஒரு நாள் கை நீட்டி எடுப்பான்.

கேள்வி: டிஸ்க் மேல் பெயர் எழுதலாமா, ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஸ்டிக்கர் வேண்டாம். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் வேகமாகச் சுழலும்போது ஆடும், பாதி உரிந்தால் பிளேயரையே கெடுக்கும். சிடியில் தரவுப் படலம் எழுத்துப் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான், மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சு மட்டும். அதனால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். தண்ணீர் மை மார்க்கரால், நடுத் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடிபோன்ற வளையத்தில் எண் மட்டும் எழுதுங்கள். ராகம், தேதி, இடம், பக்கவாத்தியம் எல்லாம் பாக்கெட்டின் மேல் அச்சில் வரட்டும். அதே எண்ணைப் பாக்கெட்டிலும் போடுங்கள், 7-ஆம் டிஸ்க் 4-ஆம் பாக்கெட்டுக்குப் போகாது.