வாசகர் கேள்வி: அளவெடுப்பது கண்ணா, கையா, கணக்கா?

கேள்வி: எங்கள் பாடசாலை வேலைத்தளத்தில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்கள், ஒரே உருக்குத் துண்டை ஒரே வேணியர் இடுக்கிமானியால் (துண்டை இரு தாடைகளுக்கிடையே பிடித்து அளக்கும் கருவி) அளந்துவிட்டு ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். கணிதத்தில் முன்னிற்கும் ஒருவர் அடிக்கடி பிழைவிட, சராசரிப் புள்ளி பெறும் இன்னொருவர் சரியாக அளக்கிறார். இது பிறவித் திறமையா?

– ஆசிரியர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: அளவெடுத்தலில் கண், கை, எண்ணறிவு, வடிவத்தை மனத்தில் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் எனப் பல திறன்கள் கலந்திருக்கின்றன. இவை எல்லாம் ஒருவரிடம் ஒருங்கே அமைவது அரிது. எனவே, கணிதப் புள்ளியை வைத்து அளவெடுக்கும் திறனை எடைபோட முடியாது.

கண்ணை நாம் தேவைக்கு மேல் சந்தேகிக்கிறோம். இரண்டு கோடுகள் நேராகச் சேர்கின்றனவா, சற்று விலகுகின்றனவா என்று கண்டறிவதில் மனிதக் கண் எழுத்துகளைப் பிரித்தறிவதைவிடப் பல மடங்கு நுட்பமானது. 1631 இல் பியர் வேணியர் வெளியிட்ட, இரு அளவிடைகளின் கோடுகள் நேராகச் சேருமிடத்தைப் பார்த்து வாசிக்கும் அளவிடை பயன்தருவதும் இதனால்தான். கிட்ட இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும் மாணவரையும், அளவிடையைச் சரிவாகப் பார்த்து இடமாறு தோற்ற வழுவை உண்டாக்குபவரையும் திருத்திவிட்டால், கண்ணைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீரும்.

பலரும் கவனியாதது கைதான். இடுக்கிமானியின் அளவிடை, துண்டைத் தொடும் கோட்டிலிருந்து விலகியிருப்பதால், அழுத்தம் மிகும்போது அசையும் தாடை நுண்ணளவில் சாய்ந்து வாசிப்பு குறைகிறது. உருளைத் துண்டைக் குறுக்காகப் பிடிக்காமல் சரித்துப் பிடித்தாலோ வாசிப்பு கூடுகிறது. எவ்வளவு அழுத்தினால் போதும் என்ற தொடுகை உணர்வு புத்தகத்தால் வருவதில்லை. உங்கள் சராசரி மாணவருக்கு அது முன்பே வாய்த்திருக்கலாம். வீட்டில் சைக்கிள் கழற்றிப் பூட்டிய கையாகவும் இருக்கலாம். பயிற்சியால் பிறருக்கும் அது வரும்.

யாருக்கு எது குறைவென அறிய, அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டை, அளவைச் சொல்லாமல், ஐந்து முறை அளக்கச் செய்யுங்கள். அளவு முன்பே தெரிந்தால், மனம் அந்த எண்ணையே அளவிடையில் தேடிக் கண்டுவிடும். விடைகள் சிதறினால் கையைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவால் ஒரே பக்கம் விலகினால் பூச்சிய வழுவை, அதாவது தாடைகள் மூடியிருக்கும்போதே கருவி பூச்சியம் காட்டாத பிழையை, திருத்தவில்லை என்று பொருள். திருகைச் சுழற்றி இன்னும் நுட்பமாக அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியில் விடை சரியாக 0.50 மில்லிமீற்றரால் தவறினால், அரை மில்லிமீற்றர்க் கோட்டைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறார். கணிதத்தில் வல்லவர்கள் அவசரத்தில் விடும் பிழை பெரும்பாலும் இதுவே.

கேள்வி: யாழ்ப்பாணத்து வெயிலால் அளவு மாறாதா?

– மாணவி, மானிப்பாய்

பதில்: அளவைக்கான நியம வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்றாலும், உருக்குத் துண்டும் உருக்குக் கருவியும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரியும்; ஆகவே வெயிலுக்கு அஞ்ச வேண்டாம். கடைசல் பொறியிலிருந்து எடுத்த சூட்டோடு அளப்பதே ஆபத்து. 50 மில்லிமீற்றர் அலுமினியத் துண்டு கருவியைவிட 40 பாகை கூடுதலாகச் சுட்டிருந்தால், ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் பெரிதாகக் காட்டும். அதை ஆறவிடும் பொறுமையையும் நான் அளவெடுக்கும் திறன்களோடு சேர்த்தே எண்ணுகிறேன்.