பண்டைய ஜெர்மானியர் வழக்கங்களும் ஹொக்கியன் மக்களின் வழக்கங்களும் ஒத்துப்போகின்றனவா?

வட ஐரோப்பாவின் பண்டைய ஜெர்மானியர், சீனாவின் பூஜியன் பகுதியிலிருந்து பரவிய ஹொக்கியன் மக்கள் என உலகின் இரு மூலைகளில் இருந்த இந்த இரண்டு மக்களின் வழிபாட்டிலும் ஒரே மாதிரி விஷயங்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா, ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒற்றுமை உண்டு. தொடர்பு கிடையாது.

நான் பினாங்கில் வளர்ந்தவன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹொக்கியன் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை நாங்களும் 'ஆ மா' என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் எந்தப் பெரிய காரியமானாலும் கோயிலுக்குப் போய்ச் சாமியைக் கேட்காமல் அவர் முடிவெடுக்க மாட்டார். பேரனுக்குப் பெண் பார்த்த சமயம் ஒருநாள் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். மூங்கில் குழாய் நிறைய எண் போட்ட குச்சிகள். இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு குச்சி மட்டும் மெல்ல மேலே ஏறி வந்து தரையில் விழுந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. 'இந்தக் குச்சிதானா?' என்று மறுபடி கேட்க வேண்டுமாம். அதற்குப் பிறைநிலா வடிவில் இரண்டு மரத்துண்டுகள், பெயர் 'புவே'. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். விழும்போது ஒன்று தட்டையும் ஒன்று உப்பலுமாக இருந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டுமே உப்பல் பக்கம் மேலே இருந்தால் மறுப்பு. தட்டைப் பக்கம் இரண்டும் மேலே வந்தால் சாமி சிரிக்கிறார் என்று பொருள். கேள்வி சரியில்லை, திருத்திக் கேள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆ மாவுக்கு முதலில் சிரிப்புதான் விழுந்தது. முழங்காலைச் சரிசெய்துகொண்டு, மூச்சுக்குள் என்னவோ நீளமாக விளக்கிவிட்டு, மறுபடி போட்டார்.

பல வருடம் கழித்து, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98-இல் எழுதிய 'ஜெர்மானியா' நூலின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தபோது ஆ மா கண்முன் வந்து நின்றார். காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குறி போட்டு, வெள்ளைத் துணிமேல் இறைப்பார்களாம். ஊர்ப் பொதுக் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவரே வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறியைப் படிப்பார். வேண்டாம் என்று வந்தால் அன்றைக்கு அதே விஷயத்தை மறுபடி கேட்கக் கூடாது. சரி என்று வந்தால்? அதையும் உடனே நம்பிவிடுவதில்லை. பறவைகளின் குரலையோ பறக்கும் விதத்தையோ, புனிதத் தோப்புகளில் ஊர்ப் பொதுச் செலவில் வளர்க்கும் வெள்ளைக் குதிரைகளின் கனைப்பையோ கவனித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். குச்சி ஒரு சாட்சி, அதற்கு மேல் இன்னொரு சாட்சி. திருவுளச்சீட்டு போடுவது உலகம் முழுக்க இருக்கிறது. சாமியிடமே கேட்டு வாங்கிய பதிலை அந்தச் சாமியிடமே சரிபார்க்கும் இந்த அக்கறைதான் எனக்கு நெருக்கமான ஒற்றுமையாகப் படுகிறது.

அடுத்தது சாமி வீட்டைவிட்டுக் கிளம்பி ஊரைப் பார்க்க வருவது. அதே நூலின் 40-ஆம் அத்தியாயத்தில் நெர்துஸ் என்ற பூமித்தாய் வருகிறாள். ஒரு தீவின் புனிதத் தோப்பில் துணி மூடிய வண்டி இருக்கும். ஒரே ஒரு பூசாரிதான் அதைத் தொடலாம். தேவி உள்ளே வந்துவிட்டாள் என்பதை அவரே உணர்ந்து சொல்ல வேண்டும். பிறகு பசுக்கள் பூட்டிய வண்டி ஊர் ஊராகப் போகும். அந்த நாட்களில் சண்டை இல்லை, இரும்பு ஆயுதம் எல்லாம் பூட்டிக் கிடக்கும்.

இதற்குப் பக்கத்தில் தைவானின் பாய்ஷாதுன் மாசு அம்மனை வைத்துப் பாருங்கள். ஹொக்கியன் மொழி பேசுவோர் பெருவாரியாக வாழும் அந்தத் தீவில், மாசு கடலோடிகளைக் காக்கும் தாய். அம்மன் பல்லக்கில் பாய்ஷாதுனிலிருந்து பெய்காங் கோயில்வரை ஊர்வலமாகப் போய் வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். புறப்படும் நாளை புவே போட்டுத்தான் முடிவு செய்வார்கள். போகும் பாதை முன்கூட்டிக் குறிக்கப்படுவதே இல்லை. பல்லக்கு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கூட்டம் திரும்பும். ஏன் இங்கே திரும்பினீர்கள் என்று தூக்குபவர்களைக் கேட்டால், அம்மன் திரும்பினாள் என்பார்கள். நெர்துஸின் பூசாரி உணர்ந்ததும் இது போன்ற ஒன்றாக இருந்திருக்கலாம்.

ஆனால் வேற்றுமையையும் சொல்லிவிட வேண்டும். ஊர்வலம் முடிந்ததும் நெர்துஸின் வண்டியை ஏரியில் கழுவிய அடிமைகளை அங்கேயே மூழ்கடித்துவிடுவார்கள் என்கிறார் டாசிடஸ். மாசு ஊர்வலத்திலோ நோயாளிகளும் குழந்தைகளும் சாலையில் வரிசையாக மண்டியிடுகிறார்கள், பல்லக்கு தங்கள் தலைக்கு மேலே கடந்துபோகட்டும் என்று.

கப்பல் எரிப்பதை ஒற்றுமையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 922-இல் வோல்கா ஆற்றங்கரையில், ஜெர்மானியரின் வடக்குக் கிளையினராகக் கருதப்படும் ரூஸ் மக்களின் தலைவர் ஒருவரைக் கப்பலோடு எரித்ததை அரபுப் பயணி இபுன் பத்லான் நேரில் பார்த்து எழுதினார். அது ஈமச்சடங்கு. மலாக்காவின் வாங்காங் திருவிழாவிலும் தைவானின் தோங்காங் கடற்கரையிலும் எரியும் மரக்கப்பலில் பிணம் இல்லை. ஊரின் பீடையையும் அலையும் ஆவிகளையும் திரட்டி ஏற்றி, விருந்து வைத்து, மரியாதையாக வழியனுப்புகிறார்கள்.

தொடர்பு இல்லாமல் எப்படி ஒத்துப்போகும் என்றால், இரண்டு இடத்திலும் சாமி ஊரின் மூத்த ஆள் மாதிரி. முடிவெடுக்குமுன் கேட்க வேண்டும், காலாகாலத்தில் ஊருக்குள் அழைத்துவர வேண்டும். இந்த எண்ணம் இருந்தால் குச்சியும் வண்டியும் தானாக வந்துவிடும், யாரும் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. ஜெர்மானியர் பக்கம் நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் வெளியாட்கள் எழுதிய சில வரிகளும் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த பொருட்களும்தான். ஹொக்கியன் பக்கமோ இன்றைக்குப் போனாலும் ஆளைக் கேட்கலாம். அதனால் டாசிடஸின் இடைவெளிகளை ஹொக்கியன் வழக்கத்தைக் கொண்டு நிரப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள்.

முதலில் நான் சொன்ன அந்த இரண்டு அத்தியாயங்களை மட்டும் படியுங்கள், சில நிமிட வேலைதான். அப்புறம் பக்கத்தில் ஹொக்கியன் கோயில் இருந்தால் ஒரு காலை நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மரத்துண்டு தரையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.