"அவங்க சாப்ட்டுட்டு இருந்தாங்க"ங்கறதுக்கான பிரெஞ்சு வினைச்சொல் mangeaient-ல பத்து எழுத்து இருக்கு, ரெண்டே அசைதானா?

இப்பதான் கிளாஸ் சேந்திருப்பீங்க, சத்தமா படிச்சிருப்பீங்க, யாரோ சிரிச்சிருப்பாங்க. சரியா?

ரெண்டே அசைதாங்க. எம், ஏ, என் ஒண்ணு. ஜி, ஈ, ஏ, ஐ, ஈ, என், டி ஏழும் சேந்து இன்னொண்ணு. மோன்-ஜே. அந்த ன் மூக்குலயே நின்னுடணும், நாக்கு மேல தொடக்கூடாது, ஜேவையும் நம்ம ராஜா மாதிரி அழுத்த வேணாம்.

நான் பாரிஸ் வந்த புதுசுல ஓட்டல்ல பாத்திரம் கழுவிட்டு கை ஈரம் காயாம சாயங்கால வகுப்புக்கு ஓடுவேன். ஒருநாள் படிக்க சொன்னாங்க, எழுத்து இருக்கே, விடுவானேன்னு "மான்-கே-ஆ-யேன்ட்"னு முழுசா படிச்சேன், வகுப்பே சிரிச்சிச்சு. டீச்சர் மட்டும் சிரிக்கல. அதை போர்டுல எழுதி பின்னாடிலேந்து அழிச்சாங்க. கடைசி ஈ, என், டி பன்மைக்கு, கண்ணுக்கு மட்டும், போச்சு. ஏ, ஐ ரெண்டு எழுத்தும் சேந்தா "ஏ"ன்னு ஒரே சத்தம். அடுத்து ஜிக்கு பின்னாடி இருந்த ஈயை நானே போய் அழிக்கப் பாத்தேன், கையை புடிச்சிட்டாங்க. அது வாயில வராது, ஆனா அது இல்லன்னா ஜி நம்ம "அங்கே"ல வர்ற க மாதிரி ஆயிடுமாம். "நாங்க சாப்ட்டுட்டு இருந்தோம்"னா ஜிக்கு அடுத்து ஐ வந்துடும், அந்த வேலைய அதுவே பாத்துக்கும், ஈ கழண்டுக்கும்.

இதுல கடுப்பு என்னன்னா அவன் சாப்ட்டாலும் அவங்க சாப்ட்டாலும் காதுக்கு ஒரே சத்தம். நமக்கு ஆன், ஆங்கன்னு வாயிலயே தெரிஞ்சிடும், அங்க முன்னபின்ன பேசினதை வச்சு நாமதான் புரிஞ்சிக்கணும்.

செய்யுள்ல கடைசி ஈ, என், டியையும் அசையா எண்ணுவாங்களேன்னு யாரும் கமெண்ட்ல வராதீங்க. அது "சாப்பிடறாங்க"ங்கற நிகழ்காலத்துக்கு, அதுவும் வரிக்கு நடுவுல வந்தா. இந்த இறந்தகால முடிவுக்கு செய்யுள்லயும் ஒரே அசைதான். நான் வாத்தியார் இல்ல, பட்டு கத்துக்கிட்டவன்.

எனக்கு இந்த சொல் மறக்காததுக்கு வேற காரணமும் இருக்கு. அந்த ஓட்டல்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவங்க சாப்ட்டுட்டேதான் இருப்பாங்க, கடைசி மெட்ரோ போயிடும், நான் நடந்தே ரூமுக்கு வருவேன். ஓவர்டைம் எங்கன்னு கேட்டா முதலாளிக்கு திடீர்னு என் பிரெஞ்சு புரியாது. மூணு மாச காசு, இன்னிக்கு வரைக்கும் வரல.