பழைய அம்பாசிடரில் ஹாரன் ஒலிக்காவிட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

“என் தந்தையின் பழைய அம்பாசிடரில் ஹாரன் சில நேரம் ஒலிக்கிறது, சில நேரம் ஒலிப்பதில்லை. புது ஹாரன் போட்டும் பயனில்லை. வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம், குறைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பொறுங்கள். உங்கள் வண்டி அண்மையில் டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்திருக்கும் என்றும், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் உயிர் பெறும் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் எனக்கு நேர்ந்தது அதுதான்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நிற்பது 1984ஆம் ஆண்டு மார்க் 4. நைனா வாங்கிய வண்டி. அவர் தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அழுத்துவார், அதைக் கேட்டு அம்மா கேட்டைத் திறந்து வைப்பார். சில ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டிக்கு முழுப் பெயிண்டிங் செய்து எடுத்து வந்த இரண்டாம் வாரம், அம்மாவையும் நைனாவையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போனேன். அந்த மலைப்பாதையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவுகளில் ஹாரன்தான் நமக்குக் குரல். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் நான் அழுத்தியபோது ஒரு முனகல்கூட வரவில்லை. மேலிருந்து இறங்கிய பேருந்தின் ஓட்டுநர் சரியான நேரத்தில் பிரேக் போட்டதால் நாங்கள் தப்பினோம். நைனா ஒன்றும் சொல்லவில்லை, மேலே போய்ச் சேரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவும் இல்லை.

ஊர் திரும்பியதும் ஒரு கடையில் இரண்டு புது ஹாரன் மாட்டினார்கள். நான்கு நாள் ஒலித்து நின்றுபோனது. இன்னொரு கடையில் ஸ்டியரிங் நடுவிலுள்ள பட்டனை விட்டுவிட்டு டேஷ்போர்டின் கீழே காலிங்பெல் சுவிட்ச் ஒன்றை வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆபத்து வரும் நொடியில் கை சுவிட்சைத் தேடிப் போகக் கூடாது என்பதால் மறுத்துவிட்டேன். அதே கடையில் ஏர் ஹாரன் மாட்டிக்கொள்ளவும் வற்புறுத்தினார்கள். பல சுரம் மாறி ஒலிக்கும் ஹாரனையும் செவியைக் கிழிக்கும் ஹாரனையும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆம் விதி தடை செய்கிறது. ஒரு பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுமை இல்லாமல் சட்டத்துக்குப் புறம்பான பொருளை விற்பதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

பிறகு நானே உட்கார்ந்து பார்த்தேன். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இல்லை, தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் மல்டிமீட்டர் காட்டிய எண்களுக்கு நான் பொறுப்பு.

பட்டனை அழுத்தினால் ஹாரனுக்குக் கரண்ட் போகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் ஃபியூஸ் வழியாக எப்போதும் ஹாரன் வரை வந்து காத்திருக்கிறது. ஹாரனின் மறுமுனையிலிருந்து ஒரு வயர் ஸ்டியரிங் காலத்தின் (column, ஸ்டியரிங் வீலைத் தாங்கும் நீண்ட குழாய்) உள்ளே ஏறிப் பட்டனுக்குப் போகிறது. நாம் அழுத்தும்போது அந்த வயர் காலத்தைத் தொட்டு, காலத்தின் வழியே பாடியில் எர்த் ஆகிறது, அதாவது பாடியோடு இணைந்த பேட்டரி நெகட்டிவைச் சேர்கிறது. அந்த வயரின் உறை உள்ளே உரசித் தேய்ந்தால் யாரும் தொடாமலே ஹாரன் அலறுவதும் இதனால்தான்.

முதலில் ஹாரனைக் கழற்றி, தடித்த இரண்டு வயரால் நேரே பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். கணீரென்று ஒலித்தது. ஹாரனைத் திரும்ப மாட்டிவிட்டு, பட்டனுக்குப் போகும் வயரை மட்டும் பேட்டரி நெகட்டிவில் தொட்டேன். அப்போதும் முழுக்குரல் வந்ததால் ஃபியூஸ், பாசிட்டிவ் வயர், ஹாரன் மூன்றும் குற்றமற்றவை என்று தெரிந்தது. அடுத்து மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டியரிங் காலத்திலும் வைத்து, மகனைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். நல்ல எர்த் என்றால் அரை வோல்ட்கூட வரக் கூடாது. எனக்கு 4.6 வந்தது. பேட்டரியில் 12.5 இருக்க, ஹாரனுக்கு 8 வோல்ட்கூட மிஞ்சவில்லை. ஹாரனுக்குள் பாயிண்ட் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) திறந்து மூடித் துடிப்பதால் மீட்டரில் எண் ஆடும். ஹாரனுக்குப் பதில் 21 வாட் பிரேக் லைட் பல்பை இணைத்தால் கரண்ட் குறைவதால் எண்ணும் சிறிதாகும், ஆனால் நிலையாக நிற்கும்.

டேஷ்போர்டின் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. பெயிண்டிங்கின்போது காலத்தைக் கழற்றியவர்கள் அதைத் தாங்கும் கிளாம்பின் உட்புறம்வரை பெயிண்ட் அடித்து, போல்ட்டைக் கையால் திருகிய அளவிலேயே விட்டிருந்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது காலம் மயிரிழை அசைந்து எங்கோ ஒரு புள்ளியில் உலோகம் உலோகத்தைத் தொடும், அப்போது மட்டும் ஹாரன் ஒலிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டை முறையாக முடுக்கினேன். காலத்திலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு செம்பு எர்த் வயரும் கொடுத்தேன். மறுபடி அளந்தபோது 0.1 காட்டியது.

“ஒரு ரிலே வைத்திருந்தால் முடிந்திருக்குமே” என்று இதன் கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உண்மைதான், ஒலித்திருக்கும். ரிலே என்பது சிறு கரண்டில் இயங்கி ஹாரனின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதன் காயிலுக்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லாததால் அந்தக் கெட்ட எர்த்தே அதற்குப் போதும். ஆனால் ஸ்டியரிங் காலத்தைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், அந்த வண்டியில் நான் மறுபடியும் மலை ஏறியிருப்பேன். எர்த்தைச் சரிசெய்த பிறகு பட்டனின் பாயிண்ட் கருகாமலிருக்க நானும் ரிலே வைத்தேன். 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக வயர், 87 ஹாரனுக்கு, 86 பாசிட்டிவுக்கு, 85 பழைய பட்டன் வயருக்கு. ஹாரனின் மறுமுனையை இப்போது பாடியில் எர்த் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு ரிலேயைக் குறை சொல்பவர்கள் உண்டு.

காலத்தில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் என் ஊகம் தவறு, அப்போது பட்டனுக்குப் போகும் வயரையும் பட்டனின் பாயிண்டையும் பார்ப்போம். மீட்டரை எடுப்பதற்கு முன், ஸ்டியரிங் வீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.