டெஸ்பார்டு பற்றிய பேச்சை எங்கே தொடங்குவது? (பதில்)

நண்பரே, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்டு டெஸ்பார்டு பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், கிடைப்பதெல்லாம் ‘1803-இல் தூக்கிலிடப்பட்ட ராஜதுரோகி’ என்ற ஒரு வரிதான், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

தூக்குமேடையை அப்புறம் பார்க்கலாம். 1787-இல், மத்திய அமெரிக்காவில் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த இன்றைய பெலிஸிலிருந்து தொடங்குங்கள். ஸ்பெயினுடன் பிரிட்டன் செய்த ஒப்பந்தத்தால், அதற்குத் தெற்கே உள்ள மொஸ்கிட்டோ கரையைக் காலிசெய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்து இறங்கினார்கள். குடியேற்றத்தின் பொறுப்பதிகாரியான டெஸ்பார்டு மனைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார். வெள்ளையருக்கும் அடிமையல்லாத கறுப்பருக்கும் ஒரே குலுக்கல்! மரவெட்டில் கொழுத்திருந்த பழைய குடியேறிகள் கொதித்துப்போனார்கள்; லண்டனுக்குப் புகார் பறந்தது. நிறம் பார்த்து ஆளைப் பிரிக்க ஆங்கிலச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் அவர் வாதம். 1790-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி கேத்தரினை விட்டுவிடாதீர்கள். கறுப்பினப் பெண். 1798-இல் கணவரை விசாரணையே இல்லாமல் அடைத்தபோது, சிறைக்குள் நடந்ததை வெளியே சொல்லிப் போராடியவர். எனக்கென்னவோ பேச்சின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தூக்கில் முடிந்த அந்த ராஜதுரோக வழக்கில், பழைய போர்த்தோழரான பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனே வந்து நற்சாட்சி சொன்னார். பலிக்கவில்லை.

ஒன்று மட்டும்: அடிமைமுறையை ஒழித்தவர் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் குலுக்கலில் அடிமைகளுக்குச் சீட்டு இல்லை.