சிமுலேஷன் நிரல்: முதலில் டெஸ்டா, பிரிப்பதா?

கேள்வி: எங்கள் திரவ ஓட்ட நிரல் ஒரே ஃபைலில் பத்தாயிரம் வரி. ஐந்து பேர் கை வைக்கிறோம். மாட்யூல்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரித்துவிட்டு டெஸ்ட் எழுதலாமா?

பதில்: வேண்டாம், டெஸ்ட்தான் முதலில். பிரித்த பிறகு விடை மாறினால் எந்த மாற்றத்தால் மாறியது என்று ஐந்து பேரும் முழிப்பீர்கள். அதற்காகப் பத்தாயிரம் வரிக்கும் டெஸ்ட் எழுத உட்கார வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடியும் சின்ன கேஸ் மூன்றை இன்றைய நிரலில் ஓட்டி, வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். அப்புறம் ஒரு சப்ரொட்டீனை (ஒரு வேலையைச் செய்யும் துண்டு நிரலை) வெளியே எடுப்பது, சேமித்த விடையோடு ஒப்பிடுவது, கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில்) கமிட் செய்வது, மறுபடி அடுத்தது. இந்த ஒப்பீடு நிரல் சரி என்று சொல்லாது, நேற்று போலவே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பிரிக்கும் வேலைக்கு அது போதும்.

கேள்வி: அப்படி ஒப்பிட்டோம். 4 பிராசஸரில் வரும் விடையும் 8-இல் வருவதும் கடைசி இலக்கங்களில் ஒத்துப்போகவில்லை. தவறு எங்கே?

பதில்: தவறே இல்லாமல் இருக்கலாம். பைத்தானில் (0.1+0.2)+0.3 போட்டுப் பாருங்கள், 0.6000000000000001 வரும். அடைப்பை 0.1+(0.2+0.3) என்று மாற்றினால் 0.6. பிராசஸர் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசையும் மாறும், அவ்வளவுதான். அதனால் டாலரன்ஸ், அதாவது இவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்ற வரம்பு, வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் கொந்தளிப்பு ஓட்டத்தை நீண்ட நேரம் ஓட்டினால் சின்ன வித்தியாசமும் வளர்ந்துகொண்டே போகும், டாலரன்ஸும் கைகொடுக்காது. 1961-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127-க்குப் பதில் 0.506 என்று கொடுத்துத் தன் வானிலை மாதிரியை மறுபடி ஓட்டியபோது, கொஞ்ச நேரத்தில் விடை வேறு எங்கோ போய்விட்டது. அப்படிப்பட்ட ஓட்டத்தில் முதல் சில படிகளை மட்டும் ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் சராசரிகளை. டெஸ்ட் பாஸாகவில்லையே என்று டாலரன்ஸைத் தளர்த்தும் ஆசை மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை தளர்த்தினேன், நிரலில் இருந்த ஒரு தவறு மாதக்கணக்கில் அதற்குள் ஒளிந்திருந்தது.

கேள்வி: சரியான விடையே தெரியாத சிக்கலுக்கு எப்படி டெஸ்ட் எழுதுவது?

பதில்: விடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சைன் சார்பைத் தீர்வு என்று முடிவு செய்து, சமன்பாட்டில் போட்டு, மிஞ்சுவதை மூலப் பதமாக (சமன்பாட்டில் கூடுதலாக வரும் உறுப்பாக) சேர்த்து ஓட்டுங்கள். நிரல் தரும் விடைக்கும் அந்தச் சைனுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. கிரிட் இடைவெளியை (கணக்கிடும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை) பாதியாக்கினால், பிழை அந்த இடைவெளியின் வர்க்கத்தோடு குறையும் இரண்டாம் வரிசை முறையில் பிழை கால்பங்காக வேண்டும். பாதிதான் ஆகிறது என்றால் நான் முதலில் எல்லை நிபந்தனையைத்தான் (சுவர், நுழைவாயில் போன்ற ஓரங்களைக் கையாளும் பகுதியை) சந்தேகப்படுவேன், அங்கேதான் யாராவது அவசரத்தில் முதல் வரிசையில் எழுதியிருப்பார்கள். நிறை காக்கப்படுகிறதா என்ற டெஸ்டும் சேருங்கள், அதற்குச் செலவே இல்லை.

கேள்வி: ஆவணம் எழுத யாரும் வருவதில்லை. குறைந்தபட்சம் எதை எழுத வேண்டும்?

பதில்: அலகு, குறி மரபு (எந்தத் திசை பிளஸ், எது மைனஸ்), எந்த எல்லைக்குள் சமன்பாடு செல்லுபடியாகும் என்பது. இவை மூன்றும் நிரலைப் படித்தால் தெரியாதவை. 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் கொடுத்ததை இன்னொன்று நியூட்டன் நொடியாக எடுத்துக்கொண்டதால். தனி ஃபைலில் எழுதாமல் சப்ரொட்டீனின் தலையிலேயே எழுதினால், நிரலை மாற்றுகிறவர் கண்ணில் படும்.

கேள்வி: ஒவ்வொரு துகளையும் ஒரு ஆப்ஜெக்ட்டாக (தன் தரவும் செயலும் சேர்ந்த ஒரு தனிப் பொதியாக) ஆக்கலாமா?

பதில்: லட்சக்கணக்கான துகள் என்றால் வேண்டாம், தரவு மெமரியில் சிதறி நிரல் ஓடும் வேகம் போய்விடும். இடம், வேகம் எல்லாம் தனித்தனி அரேயாகவே (எண்களின் வரிசையாகவே) இருக்கட்டும். தீர்வு முறை, இயற்பியல் மாதிரி, ஃபைல் எழுதுவது என்று தனித்தனியாக மாறக்கூடிய இடங்களில் வெட்டுங்கள். முதலில் ஃபைல் எழுதும் பகுதி, அதுதான் சுலபம்.